இரத்த அறிக்கையில் சிங்க் குறைவு: குத்துச்சண்டை பழகும் மகளுக்கு என்ன கொடுப்பது?

கேள்வி:

வணக்கம் டொக்டர். என் மகளுக்கு வயது 16. குத்துச்சண்டை பழகுகிறாள், மாகாண மட்டம் வரை போயிருக்கிறாள். வீட்டில் இருக்கும்போது எடை 51 கிலோ. போட்டியில் இறங்குவது 48 கிலோ பிரிவில். அதற்காகப் போட்டிக்கு நாலைந்து நாள் முன்பே சோற்றைத் தொடமாட்டாள், தண்ணீரையும் குறைப்பாள், பிளாஸ்ரிக் சட்டை போட்டுக்கொண்டு ஓடுவாள். கொஞ்ச நாளாக மூன்றாவது சுற்றில் கை எழும்புதில்லை என்கிறாள். படி ஏறினாலே மூச்சு இளைக்கிறது, முடியும் கொட்டுகிறது. இரண்டு மாதமாக மாதவிடாயும் வரவில்லை. ‘விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அது அப்படித்தான்’ என்று கூடப் பழகுபவர்கள் சொல்கிறார்களாம்.

ஒரு தனியார் ஆய்வுகூடத்தில் கனியுப்புகள் எல்லாவற்றுக்கும் சேர்த்து இரத்தம் சோதித்தோம். போட்டி முடிந்து இரண்டாம் நாள், பின்னேரப் பயிற்சி முடிந்து வரும் வழியில் இரத்தம் கொடுத்தாள். அப்போது தடிமனும் இருந்தது. சிங்க் 62, ‘குறைவு’ என்று போட்டிருக்கிறார்கள். செப்பு கொஞ்சம் கூட. கல்சியம் 9.4, மக்னீசியம் 1.9, இரண்டும் சரியாம். ஹீமோகுளோபின் 12.1, பெரிட்டின் 11. பயிற்சிக்கு வரும் ஓர் அண்ணா 50 மில்லிகிராம் சிங்க் குளிசை வாங்கித் தந்து, நாளுக்கு இரண்டு போடச் சொல்லியிருக்கிறார். கல்சியமும் மக்னீசியமும் கலந்த பவுடர் ஒன்றும் தந்தார். லண்டனில் இருக்கும் என் தம்பி, முடியை வெட்டி அனுப்பினால் அங்கே எல்லா உலோகங்களுக்கும் சோதிக்கலாம் என்கிறான். என் அம்மாவோ பனங்கட்டி கொடுத்தால் இரத்தம் ஊறும் என்கிறா. நான் எதைச் செய்வது?

– ஒரு தாய், கொக்குவில்

பதில்:

அன்புள்ள அம்மாவுக்கு,

முதலில் சிங்க் குளிசையை நிறுத்துங்கள். பவுடரையும் எடுத்து வையுங்கள். உங்கள் மகளுக்கு இப்போது குறைவாக இருப்பது இரும்பு. அதைவிடப் பெரிய குறை, அவள் சாப்பிடும் சாப்பாட்டின் அளவு. ஆய்வுகூடம் ‘குறைவு’ என்று குறித்தது சிங்க்கை மட்டும்தான். பெரிட்டின் 11 என்பதற்குப் பக்கத்தில் ஒரு குறிப்பும் இல்லாமல் போனதற்குக் காரணம் இருக்கிறது. பல ஆய்வுகூடங்கள் பெண்களுக்கான கீழ் எல்லையை 10 அளவில் வைத்திருக்கின்றன. உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில், ஐந்து வயதுக்கு மேற்பட்ட ஒருவருக்குப் பெரிட்டின் 15க்குக் கீழே போனாலே இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது என்றுதான் அர்த்தம்.

அதற்கு வருமுன் சிங்க்கைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் உங்களைப் பயப்படுத்தியது அதுதான்.

இரத்தத்தில் சிங்க் நாள் முழுக்க ஒரே அளவில் இருப்பதில்லை. காலையில் கூடுதலாக இருக்கும். சாப்பிட்டால் இறங்கும், பின்னேரமாகும்போது இன்னும் இறங்கும். அதனால் சர்வதேச சிங்க் ஊட்டச்சத்து ஆலோசனைக் குழு பத்து வயதுக்கு மேற்பட்ட பெண்களுக்கு ஒன்றல்ல, மூன்று எல்லைகளைத் தந்திருக்கிறது: காலையில் வெறும் வயிற்றில் எடுத்த இரத்தமென்றால் டெசிலீற்றருக்கு 70 மைக்ரோகிராம், காலையில் சாப்பிட்ட பிறகென்றால் 66, பிற்பகலென்றால் 59. அறிக்கைத் தாளில் அச்சடித்திருப்பது பெரும்பாலும் முதலாவது எண்தான். உங்கள் மகள் இரத்தம் கொடுத்தது பின்னேரம். அந்த நேரத்துக்குரிய எல்லையை வைத்துப் பார்த்தால் 62 குறைவே இல்லை.

அத்தோடு அவளுக்குத் தடிமன் இருந்திருக்கிறது. காய்ச்சல், தடிமன் என்று உடம்பு எதையாவது எதிர்த்துக்கொண்டிருக்கும்போது சிங்க் இரத்தத்தை விட்டு ஈரலுக்குள் போகும். செப்பு அதற்கு நேரெதிர், அழற்சி இருந்தால் இரத்தத்தில் ஏறும். ஆக, சிங்க் இறங்கி செப்பு ஏறியிருப்பது தடிமனோடும் கடும் பயிற்சியோடும் இருந்த ஒரு பிள்ளையின் இரத்தத்தில் எதிர்பார்க்கக்கூடியதே. பயிற்சியும் தன் பங்குக்கு இந்த எண்களைக் குழப்பும். கடுமையாக அடித்து ஓடிய உடனே தசையிலிருந்து சிங்க் கசிந்து இரத்தத்தில் கொஞ்சம் ஏறும், சில மணித்தியாலத்தில் இறங்கும். எந்தக் குழாயில் இரத்தம் எடுத்தார்கள் என்பதுகூட முக்கியம். சாதாரணக் குழாயின் இறப்பர் மூடியிலேயே சிங்க் இருக்கும், அதிலிருந்து இரத்தத்துக்குச் சேரவும் கூடும். இதற்கென்றே கடும்நீல மூடி போட்ட தனிக் குழாய்கள் இருக்கின்றன. இவ்வளவையும் கவனித்து எடுக்காத ஒரு சிங்க் எண்ணை நம்பி ஒரு பிள்ளைக்கு மாதக்கணக்கில் குளிசை கொடுக்க நான் சம்மதிக்கமாட்டேன்.

50 மில்லிகிராம் இரண்டு என்றால் நாளுக்கு 100. அவளுடைய வயதுப் பெண்பிள்ளைக்கு ஒரு நாளுக்குத் தேவைப்படுவது 9 மில்லிகிராம். 14 முதல் 18 வயது வரை, வைத்தியரின் மேற்பார்வை இல்லாமல் தாண்டக்கூடாத மேல் எல்லை 34. போத்தலின் பின்பக்கத்தை ஒருமுறை வாசித்துப் பாருங்கள். ‘சிங்க் சல்பேட் 220 மில்லிகிராம்’ என்று இருந்தால் அதில் உண்மையான சிங்க் 50 அளவில்தான். வெறுமனே ‘சிங்க் 50’ என்று இருந்தால் முழுதும் சிங்க். எப்படிப் பார்த்தாலும் இரண்டு குளிசை அவளுக்கு மிக அதிகம். சிங்க் கூடுதலாகப் போனால் குடல் செப்பை உள்ளே விடாது. வாரக்கணக்கில் இப்படிப் போனால் செப்புக் குறைந்து, இரத்தச்சோகையும் வெள்ளை அணுக் குறைவும் வரும். களைப்புக்கு மருந்து என்று போட்டதே களைப்பைக் கொண்டுவந்து சேர்க்கும். அந்த அண்ணா நல்ல மனதோடுதான் தந்திருப்பார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. இதுவரை சில நாட்கள்தான் போட்டாள் என்றால் பயப்பட ஒன்றுமில்லை, நிறுத்தினால் போதும்.

கல்சியமும் மக்னீசியமும் ‘சரி’ என்று வந்ததையும் பெரிதாக எடுக்க வேண்டாம். உடம்பிலுள்ள கல்சியத்தில் 99 வீதம் எலும்பிலும் பல்லிலும் இருக்கிறது. சாப்பாட்டில் கல்சியம் போதாவிட்டால் உடம்பு எலும்பிலிருந்து எடுத்து இரத்தத்தைச் சரியாக வைத்துக்கொள்ளும். அதனால் எலும்பு மெலிந்துகொண்டிருக்கிற பிள்ளைக்கும் இரத்தத்தில் 9.4 என்றே காட்டும். மக்னீசியமும் அப்படித்தான், இரத்த நீரில் இருப்பது மொத்தத்தில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. இந்த இரண்டையும் தட்டில் என்ன இருக்கிறது என்று பார்த்துத்தான் கணிக்க முடியும். அதைப் பிறகு சொல்கிறேன்.

இப்போது பெரிட்டினுக்கு வருவோம்.

பெரிட்டின் என்பது உடம்பு இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம். தடிமன், காய்ச்சல், கடும் பயிற்சி எல்லாம் அதை உயர்த்திக் காட்டும். அதனால் உயர்ந்த பெரிட்டின் சிலவேளை பொய் சொல்லும். தாழ்ந்த பெரிட்டின் பொய் சொல்வது மிக அரிது. தடிமனோடு எடுத்தும் 11 தான் வந்திருக்கிறது என்றால், சுகமாக இருக்கும்போது எடுத்தால் இன்னும் குறைவாகவே இருக்கலாம். ஹீமோகுளோபின் 12.1 என்பது அவளுடைய வயதுப் பெண்களுக்கான 12 என்ற எல்லைக்கு மயிரிழையில் மேலே. அதைப் பார்த்து ‘இரத்தம் இருக்கிறது’ என்று ஆறுதல்படக் கூடாது. கையிருப்பு முழுதும் தீர்ந்த பிறகுதான் ஹீமோகுளோபின் இறங்கத் தொடங்கும். இன்னொன்றையும் கவனியுங்கள். போட்டிக்காக வற்றிய உடம்பு இரண்டு நாளில் முழுதாக நீர் பிடித்திருக்காவிட்டால், இரத்தம் கொஞ்சம் தடித்து இந்த எண் உண்மையைவிடக் கூடக் காட்டியிருக்கவும் கூடும்.

ஹீமோகுளோபின் இறங்குமுன்பே பிள்ளைக்குக் களைப்பு வந்துவிடும். தசைக்குள் ஒட்சிசனைப் பிடித்து வைக்கவும் சக்தி தயாரிக்கவும் இரும்பு வேண்டும். முதல் சுற்றில் ஒட்சிசன் இல்லாமல் கிடைக்கும் சக்தியும் கொஞ்சம் கைகொடுக்கும். மூன்றாவது சுற்றில் ஒட்சிசன் வந்து சேராவிட்டால் கை கல்லாகிவிடும். ‘கை எழும்புதில்லை’ என்று அவள் சொன்னதைச் சோம்பல் என்று யாராவது திட்டியிருந்தால், தயவுசெய்து அந்த எண்ணத்தை இப்போதே மாற்றிக்கொள்ளச் சொல்லுங்கள்.

இந்தப் பிள்ளைக்கு இரும்பு ஏன் தீர்ந்தது? பல வாசலால் போகிறது, ஒரு வாசலால்தான் வருகிறது. 16 வயதில் உடம்பு வளர்கிறது, இரத்தத்தின் அளவும் கூடுகிறது. மாதவிடாயில் போகும் ஒவ்வொரு மில்லிலீற்றர் இரத்தத்தோடும் ஏறத்தாழ அரை மில்லிகிராம் இரும்பு போகிறது. வியர்வையில் போவது சொற்பம். பயிற்சியில் இன்னொரு விஷயம் நடக்கிறது, அது பலருக்குத் தெரியாது. கடும் பயிற்சி முடிந்து மூன்று முதல் ஆறு மணித்தியாலம் வரை ஈரலிலிருந்து ஹெப்சிடின் என்ற ஹோர்மோன் அதிகமாகச் சுரக்கும். அது குடலில் இரும்பு உள்ளே வரும் கதவை மூடிவிடும். மாச்சத்தைக் குறைத்துப் பட்டினி கிடக்கும் நாட்களில் இது இன்னும் எழும்பும். பின்னேரம் ஐந்து மணிக்குப் பயிற்சி முடித்து, எட்டு மணிக்கு இரவுச் சாப்பாட்டோடு இரும்புக் குளிசையைப் போட்டால் அதில் உள்ளே போவது குறைந்துவிடும்.

அப்புறம் சாப்பாடு. நீங்கள் விரிவாக எழுதவில்லை. கிளினிக்குக்கு வரும் பிள்ளைகள் சொல்வதை வைத்து ஊகிக்கிறேன். காலையில் அவசரமாகப் பாணும் சம்பலும், கூடவே ஒரு கோப்பை பால்ரீ. மதியம் பாடசாலையால் வந்து சோறு, ஒரு மரக்கறி, கொஞ்சம் பருப்பு. பிறகு ரியூஷன், பயிற்சி. இரவு இடியப்பமும் சொதியும். செவ்வாய், வெள்ளி மீன், இறைச்சி என்று மச்சம் இல்லை. நல்லூர்க் கோயில் கொடி ஏறினால் திருவிழா 25 நாளும் இல்லை. இவை எல்லாம் நம் வீட்டு வழக்கம், நான் மாற்றச் சொல்லவில்லை. மச்சம் சமைக்காத நாளில் இரும்பு எங்கிருந்து வருகிறது என்று பார்த்துச் சமைக்க வேண்டும், அவ்வளவுதான். இறைச்சி, ஈரல், மீனில் உள்ள இரும்பைக் குடல் இலகுவாக எடுக்கும். கீரை, பருப்பு, தானியத்தில் உள்ளதில் பத்தில் ஒரு பங்கு உள்ளே போவதே பெரிய காரியம். அதோடு தேயிலையும் சேர்ந்தால் அந்தக் கொஞ்சமும் பாதிக்கு மேல் குறைந்துவிடும். காலைச் சாப்பாட்டோடு குடிக்கும் அந்தத் தேத்தண்ணியை ஒரு மணித்தியாலம் தள்ளி வைப்பது காசு செலவில்லாத முதல் வைத்தியம்.

சரி, இவை எல்லாவற்றையும்விட என்னை உறுத்துவது அந்த மூன்று கிலோ.

51இலிருந்து 48க்கு இறங்குவது உடல் எடையில் கிட்டத்தட்ட 6 வீதம். வளர்கிற வயதில், போட்டிக்குப் போட்டி இதைச் செய்கிறாள். சோற்றை நிறுத்திய அந்த நாலைந்து நாளில் இரும்பு, சிங்க், மக்னீசியம், கல்சியம் எல்லாம் சேர்ந்தே நிற்கின்றன. கனியுப்புக் குறைபாடு என்று பிரித்துப் பேசுகிறோமே, இந்த வயதுச் சண்டை விளையாட்டுப் பிள்ளைகளில் அது பெரும்பாலும் தனியாக வருவதில்லை. சாப்பாடு குறைந்ததன் ஒரு பக்கம்தான் அது. மாதவிடாய் நின்றது அதே குறையின் இன்னொரு பக்கம். பயிற்சிக்குச் செலவாகும் சக்திக்கு ஏற்ற சாப்பாடு இல்லாவிட்டால், உடம்பு உடனடித் தேவையில்லாத வேலைகளை ஒவ்வொன்றாக நிறுத்தும். இப்படி வரும் சக்திக் குறைபாட்டைப் பற்றி சர்வதேச ஒலிம்பிக் குழு 2014இல் விரிவான அறிக்கை வெளியிட்டது, 2018இலும் 2023இலும் அதைப் புதுப்பித்தது. மாதவிடாய் நிற்பது, எலும்பு மெலிவது, அடிக்கடி தடிமன் பிடிப்பது, இரும்புக் குறைவு எல்லாம் அதில் ஒரே படத்துக்குள் வருகின்றன. ‘விளையாட்டுப் பிள்ளைகளுக்கு அப்படித்தான்’ என்பது தவறு. பலருக்கு நடக்கிறது என்பது உண்மை. அதனால் அது சாதாரணம் ஆகிவிடாது. இந்த வயதில்தான் எலும்பு தன் பலத்தில் பெரும்பங்கைச் சேர்க்கிறது, தவறவிட்டால் பிறகு முழுதாக ஈடுசெய்வது கடினம்.

பிளாஸ்ரிக் சட்டை போட்டு ஓடி இறக்கும் எடை கொழுப்பு அல்ல, தண்ணீர். ஒரு லீற்றர் வியர்வையோடு சராசரியாக ஒரு கிராம் சோடியமும் போகிறது, ஆளுக்கு ஆள் இது வேறுபடும். நம் வெயிலில் காற்றுப் புகாத சட்டையோடு ஓடினால் வியர்வை ஆவியாகாது, உடம்புச் சூடு இறங்காது. 1997 நவம்பர், டிசம்பர் மாதங்களில் அமெரிக்காவில் கல்லூரி மல்யுத்த வீரர்கள் மூன்று பேர், எடை இறக்குவதற்காக இப்படி வியர்த்துக்கொண்டிருந்தபோதே இறந்துபோனார்கள். அதன் பிறகுதான் அங்கே கல்லூரி மல்யுத்தத்தில் இறப்பர் சட்டையைத் தடைசெய்தார்கள். சிறுநீரின் அடர்த்தியைச் சோதித்து, உடம்பில் போதிய நீர் இருக்கும்போதுதான் ஒருவர் இறங்கக்கூடிய குறைந்தபட்ச எடையைக் கணிக்க வேண்டும் என்றும் விதித்தார்கள். அவர்கள் மூவரும் வளர்ந்த, பலமான இளைஞர்கள். உங்கள் மகளின் பிளாஸ்ரிக் சட்டையை இனி எடுத்து வையுங்கள் என்று நான் கெஞ்சிக் கேட்கிறேன்.

யாராவது ‘சிறுநீர் போகிற குளிசை’ ஒன்றைப் பற்றிச் சொல்லியிருந்தால் அதையும் தொடக்கூடாது. பொற்றாசியமும் மக்னீசியமும் அதோடு போய் இதயத் துடிப்பே குழம்பும். சிறுநீர் பெருக்கிகள் ஊக்கமருந்துத் தடைப்பட்டியலில் எல்லாக் காலத்திலும் இருப்பவை. எடை பார்த்த பிறகு ‘ஒரு சேலைன் ஏற்றினால் சரி’ என்ற பேச்சும் நம் ஊரில் இருக்கிறது. 12 மணித்தியாலத்துக்குள் 100 மில்லிலீற்றருக்கு மேல் நாளத்தின் வழியே ஏற்றுவதே, வைத்தியசாலைச் சிகிச்சை, சத்திரசிகிச்சை, நோய் கண்டறியும் பரிசோதனை தவிர்ந்த இடங்களில் தடை. சேலைனுக்குள் வேறு மருந்து இல்லாவிட்டாலும் தடைதான். மாகாணத்துக்கு மேலே போகும் பிள்ளை இதைத் தெரிந்து வைத்திருக்க வேண்டும். வெளிநாட்டிலிருந்து உறவினர் அனுப்பும் பவுடர் டின்களிலும் இதே கவனம் வேண்டும். லேபிளில் எழுதாத தடைப்பொருள் கலந்திருந்தாலும் பொறுப்பு விளையாட்டு வீரருடையது.

இனி நீங்கள் செய்ய வேண்டியது.

பிள்ளையை ஒரு வைத்தியரிடம் நேரே கூட்டிச் செல்லுங்கள். யாழ். போதனா வைத்தியசாலையின் வெளிநோயாளர் பிரிவிலிருந்தே தொடங்கலாம். மாதவிடாய் நின்றதையும் எடை இறக்குவதையும் மறைக்காமல் சொல்லுங்கள், பிள்ளை வெட்கப்பட்டால் நீங்கள் சொல்லுங்கள். தைரொயிட் போன்ற வேறு காரணங்களையும் அவர் பார்ப்பார். இரத்தத்தை மறுபடி சோதிப்பதாக இருந்தால், தடிமன் மாறி, போட்டி எதுவும் அருகில் இல்லாத ஒரு காலத்தில், முதல் நாள் பயிற்சியில்லாமல், வழமைபோலத் தண்ணீர் குடித்து, காலையில் வெறும் வயிற்றில் கொடுக்கட்டும். முழு இரத்த எண்ணிக்கை, பெரிட்டின், அழற்சியைக் காட்டும் சி.ஆர்.பி. இவ்வளவும் போதும். முழு இரத்த எண்ணிக்கையில் சிவப்பணுவின் சராசரிப் பருமனைக் காட்டும் எம்.சி.வி. என்ற எண் குறைவாக இருந்து, இரும்பு நிரம்பிய பிறகும் ஏறாமலே இருந்தால், பரம்பரையாக வரும் இரத்தக் குறைபாடான தலசீமியாவின் மரபுக்கூறு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இலங்கையில் அது இல்லாத நோயல்ல. அப்படியானவர்களுக்குக் காரணமில்லாமல் வருடக்கணக்கில் இரும்பு கொடுப்பது கெடுதல்.

இரும்புக் குளிசையின் அளவை வைத்தியரே முடிவு செய்யட்டும். வழமையாகத் தரும் 200 மில்லிகிராம் பெரஸ் சல்பேட் குளிசையில் உண்மையான இரும்பு 65 மில்லிகிராம் அளவில் இருக்கும். தினமும் இரண்டு மூன்று போடுவதைவிட ஒன்றைப் போடுவது, சிலருக்கு ஒன்றுவிட்டு ஒரு நாள் போடுவது, குடலுக்கும் இதம், உள்ளே போவதும் நன்றாக இருக்கும் என்று இப்போதைய ஆய்வுகள் காட்டுகின்றன. காலையில் போடட்டும். காலைப் பயிற்சி உள்ள நாளில் பயிற்சி முடிந்த அரை மணித்தியாலத்துக்குள் போடலாம், ஹெப்சிடின் எழும்ப முன்பு. தேசிக்காய்த் தண்ணி, தோடம்பழம் அல்லது ஒரு கொய்யாப்பழத்தோடு நல்லது. பால், தேத்தண்ணி, கல்சியம் பவுடர் எதுவும் கூட வேண்டாம். மலம் கறுப்பாகப் போகும், பயப்பட வேண்டாம். களைப்பு சில வாரங்களில் குறையத் தொடங்கும். ஆனால் கையிருப்பு நிரம்ப மாதங்கள் எடுக்கும். சுகமாகிவிட்டது என்று இடையில் விட்டால் மறுபடி இதே இடத்துக்கு வருவீர்கள். வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் குளிசைப் போத்தலை எட்டாத உயரத்தில் வையுங்கள். மிட்டாய் என்று நினைத்துக் குழந்தை விழுங்கினால் உயிருக்கே ஆபத்து.

சாப்பாட்டில் நான் முதலில் கேட்பது, பயிற்சி நாளில் ஒரு நேரமும் தவறக்கூடாது என்பது. சோற்றை எதிரியாக்க வேண்டாம். மச்சம் சமைக்கும் நாளில் கிழமைக்கு ஒருமுறை ஆட்டீரல் அல்லது இறைச்சி, மற்ற நாளில் மீன். சிங்க்குக்கு நண்டும் இறைச்சியும் நல்லவை. கிழமையில் ஒரு நாள் நண்டுக் கறி வைத்தால் அதற்கு நல்ல துணையாக இருக்கும். முள்ளோடு சாப்பிடக்கூடிய நெத்தலி கல்சியத்துக்கு மிக நல்லது. மரக்கறி நாளில் முளைக்கட்டிய பயறு, கடலை, உழுத்தம்மாக் களி, முருங்கையிலை வறை, எள்ளுருண்டை. பயறைக் கட்டாயம் ஊறவைத்து முளைக்க விடுங்கள். தானியத்திலும் பருப்பிலும் இரும்பையும் சிங்க்கையும் பிடித்து வைத்திருக்கும் பைற்றிக் அமிலம் அப்போதுதான் குறையும். வறைக்கு இறக்கும் நேரம் தேசிக்காய்ப் புளி பிழிந்துவிடுங்கள். அவளுடைய வயதுக்கு ஒரு நாளுக்குக் கல்சியம் 1300 மில்லிகிராம் வேண்டும். ஒரு கப் பால் அல்லது தயிர் கால் பங்குக்குச் சற்றுக் குறைவாகத் தரும். 100 கிராம் குரக்கன் மாவில் 340 அளவில் இருக்கிறது. குரக்கன் பிட்டு, நெத்தலி, இரண்டு வேளை பால் அல்லது தயிர் என்று சேர்த்தால் பவுடர் இல்லாமலே பெரும்பகுதி வந்துவிடும். நம் கிணற்றுத் தண்ணியிலும் சுண்ணாம்புக்கல்லின் கல்சியம் இருக்கிறது, கேத்திலின் அடியில் வெள்ளையாகப் படிவது அதுதான். ஆனால் அதைக் கணக்கில் வைத்துப் பாலைக் குறைக்காதீர்கள். உப்பைப் பொறுத்தவரை வழமையான அயடீன் சேர்த்த உப்பே போதும். நீண்ட பயிற்சி நாளில் சோற்றுக் கஞ்சியில் கொஞ்சம் உப்புப் போட்டுக் குடிப்பது கடையில் விற்கும் நிறத் தண்ணிக்குக் குறைந்ததல்ல.

பனங்கட்டியில் இரும்பு கொஞ்சம் இருக்கிறது, ஆனால் 11ஐ மாற்றும் அளவுக்கு இல்லை. சீனிக்குப் பதிலாகப் பாவிக்கலாம். அம்மம்மா பயறும் எள்ளும் சேர்த்து உருண்டை பிடித்துக் கொடுத்தால் பயிற்சிக்கு முன் அதைவிட நல்ல சிற்றுண்டி கிடையாது.

தம்பியிடம் முடி அனுப்ப வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். ஷம்பூ, தலைக்கு வைக்கும் எண்ணெய், கிணற்றுத் தண்ணி, வியர்வை எல்லாம் முடியில் படிந்து எண்களை மாற்றும். ஒரே முடியை இரண்டு ஆய்வுகூடத்துக்கு அனுப்பினால் இரண்டு விதமாக வரும். ஒரு ஆளுக்குக் குறைபாடு இருக்கிறதா என்று முடிவெடுக்க அது உதவாது. அந்தக் காசுக்கு அவர் மருமகளுக்கு நல்ல சப்பாத்து வாங்கி அனுப்பட்டும்.

மாதவிடாய் திரும்பி, பெரிட்டின் ஏறும்வரை எடை இறக்கும் போட்டி எதுவும் வேண்டாம். பயிற்சியை முழுதாக நிறுத்தத் தேவையில்லை. கைவேலை, கால்வேலை, நுட்பம் பழகட்டும், இன்னொருவரோடு அடித்துப் பழகும் கடும் ஸ்பாரிங்கையும் நீண்ட ஓட்டத்தையும் வைத்தியர் சொல்லும்வரை குறைக்கட்டும். மயக்கம் வந்தாலோ, நெஞ்சு தாறுமாறாக அடித்தாலோ, காலில் ஒரே இடத்தில் ஓடும்போதெல்லாம் வலி வந்தாலோ, காத்திருக்காமல் அன்றைக்கே வைத்தியசாலைக்குப் போங்கள்.

பிறகு பயிற்றுநரைச் சந்தியுங்கள், மகளையும் கூட்டிக்கொண்டு. அவள் இல்லாமல் அவளைப் பற்றி முடிவெடுக்க வேண்டாம். 16 வயதுப் பிள்ளைக்குத் தன் எடைப் பிரிவைப் பற்றிக் கருத்துச் சொல்ல உரிமை இருக்கிறது. தன் சொந்த எடைக்குரிய மேல் பிரிவில், தண்ணீர் குடித்துச் சாப்பிட்டு இறங்குவதுதான் நான் சொல்லும் வழி. ‘பெரிய பிள்ளைகளோடு அடிபடுவாளே’ என்று அவர் கேட்கலாம், நியாயமான கவலைதான். இரும்பு நிறைந்து, வயிறு நிறைந்து, மூன்றாவது சுற்றிலும் கை எழும்பும் ஒரு பிள்ளையாக அவள் அங்கே நிற்பாள் என்று சொல்லுங்கள். அவர் சம்மதிக்கத் தயங்கினால், அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அவரையும் கூட வரச் சொல்லுங்கள்.